சேர்ந்து பாடுறதுன்னா

ஒரு தவற்றை ஒத்துக்கொள்ளத்தான் இந்தப் பதிவு.

தஞ்சோங் பகார் எம்ஆர்டியில் இறங்கி கோயிலுக்கு நடக்கும்போது காதில் சூலமங்கலம் சகோதரிகளின் கந்த சஷ்டி கவசம் ஓடும். ஜெயலட்சுமி, ராஜலட்சுமி ரெண்டு பேரும் ஒரே மெட்டை ஒரே குரல் மாதிரி பாடுவாங்க. எது அக்கா, எது தங்கைன்னு இன்னைக்கும் எனக்குப் பிரிக்கத் தெரியாது.

சேர்ந்து பாடுறதுன்னா இதுதான்னு நினைச்சிருந்தேன். அதனால்தான் நம்ம பஜனைக் குழுவில் வயதான ஒரு அக்காகிட்ட, "சுருதி எட்டலைன்னா மெதுவா பாடுங்கக்கா"ன்னு சொல்லிட்டேன். அடுத்த வாரம் அவங்க வரலை.

பிறகு ஒருநாள் என் மகள் 'கெல்டிக் உமன்' பாட்டு ஒன்றைப் போட்டுக் காட்டினாள். 2004-இல் அயர்லாந்தின் டப்ளினில் தொடங்கிய பெண்கள் குழு. ஒருத்தர் மெட்டைப் பாட, மற்றவர்கள் அதே நேரம் மேலேயும் கீழேயும் வேறு சுரங்களில் சேர்றாங்க. அந்தக் கீழ்க்குரல் இல்லைன்னா பாட்டே மெலிஞ்சு போயிருக்கும். எனக்கு அக்கா முகம்தான் ஞாபகம் வந்தது.

நம்ம பஜனையில் அப்படி வேறு சுரம் சேர்க்கிறதில்லை. ஆனா அதே மெட்டைக் கீழ் ஸ்தாயியில் பாட என்ன தடை? வீட்டுக்கே போய் மன்னிப்புக் கேட்டேன்.

"என் குரல்தான் இறங்கிடுச்சேம்மா."

"அந்தக் குரல்தான் வேணும்க்கா."

போன வெள்ளிக்கிழமை நடுவில் உட்கார்ந்து பாடினாங்க. குரல் எட்டலைன்னு தயங்குறவங்க நீங்களும் வாங்க.

வேலும் மயிலும் துணை.