அவள் எழுதிய விடை

உயிரியல் டீச்சராக எத்தனையோ தாள்களைத் திருத்தியிருக்கிறேன். ஒரு தாள் மட்டும் இன்னும் உறுத்துகிறது.

பத்தாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வு. பறவை, வௌவால் இரண்டின் இறக்கைகளும் எவ்வகை உறுப்புகள் என்பது கேள்வி. 'செயல் ஒத்தவை' என்பது விடைக்குறிப்பு. ஒரு பெண் 'அமைப்பு ஒத்தவை' என்று எழுதியிருந்தாள். சிவப்பில் அடித்துச் சுழியம் போட்டேன். தாளோடு வந்து நின்றாள்.

"டீச்சர், கோழி றெக்கையில நம்ம கை மாதிரியே எலும்பு இருக்கு. வீட்டுல பாத்தேன்."

"புத்தகத்துல இருக்கிறதை எழுதும்மா" என்றேன். பேசாமல் போய் உட்கார்ந்தாள்.

கோடை விடுமுறையில் ஒரு ஞாயிறு, குழம்பில் வெந்த இறக்கையைத் தட்டிலேயே பிரித்தேன். தோளை ஒட்டி ஒரே எலும்பு. முழங்கைக்குக் கீழே இரண்டு. ஒன்று மெலிந்தது, ஒன்று தடித்தது. பிறகு மணிக்கட்டு. நுனியில் ஒட்டிப்போன விரல்கள், முன் ஓரத்தில் தனியாகத் துருத்திய குட்டி விரல். என் கையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அவள் சொன்னது அத்தனையும் இருந்தது.

பிறகுதான் ஒழுங்காகப் படித்தேன். பறவைக்கும் வௌவாலுக்கும் பொதுவான மூதாதை 30 கோடி ஆண்டுகளுக்கும் முன்னால் நான்கு காலில் நடந்த பிராணி. அதற்கு இறக்கை கிடையாது. இந்த எலும்பு வரிசை மட்டும் முன்னங்காலில் இருந்தது. இரண்டு வம்சங்களும் அந்தக் காலைத் தனித்தனியே இறக்கையாக்கிக்கொண்டன. பறவைக்குக் கையில் இறகு. வௌவாலுக்கோ நான்கு விரல்கள் குடைக்கம்பியாக நீண்டு, நடுவே தோல் விரிந்தது. இறக்கை என்று பார்த்தால் செயல் ஒத்தவை, முன்னங்கால் என்று பார்த்தால் அமைப்பு ஒத்தவை. எதைக் கேட்கிறோம் என்று எங்கள் கேள்வி சொல்லவே இல்லை.

அமைப்பொற்றுமைக்கு 1843இல் வரையறை தந்தவர் ரிச்சர்ட் ஓவன். அது மூதாதை வழி வந்தது என்று 1859இல் விளக்கியவர் டார்வின். பறக்கவும் நீந்தவும் மண் தோண்டவும் ஒரே எலும்பு வரிசை எதற்கு? வம்சாவளியைத் தவிர வேறு காரணம் எனக்குப் புலப்படவில்லை.

இப்போது அந்தப் பாடத்துக்கு, வேகவைத்துச் சுத்தம் செய்த கோழி இறக்கையோடுதான் வகுப்புக்குப் போகிறேன். முதலில் பிள்ளைகள் எண்ணட்டும், புத்தகம் அப்புறம்.

பள்ளி திறந்ததும் அவளைத் தேடினேன். வேறு ஊர்ப் பள்ளியில் பதினொன்றாம் வகுப்பில் வணிகவியல் சேர்ந்துவிட்டதாகச் சொன்னார்கள்.