கால் ஊன்றும் உயரம்

பாகூரிலிருந்து புதுச்சேரிக்கு வேலைக்குப் போகும் பெண்ணுக்கு முதல் வண்டி எது வாங்கலாம் என்று கேட்டால், வீட்டில் ஆளுக்கொன்று சொல்வார்கள். அப்பா மைலேஜ் பார்ப்பார். தம்பி பிக்கப் பார்ப்பான். ஓட்டப்போகிறவளின் கால் தரையில் ஊன்றுகிறதா என்று பார்க்க ஆள் இருக்காது. நான் முதலில் பார்ப்பது அதைத்தான்.

அண்ணன் மகளுக்கு நேரு வீதிப் பக்கம் ஒரு கடையில் வேலை கிடைத்தது. “அத்தை, நீங்களும் வாங்க” என்று ஷோரூமுக்குக் கூட்டிப் போனாள். ப்ளூடூத், டிஜிட்டல் மீட்டர் என்று விவரித்துக்கொண்டிருந்த பையனை நிறுத்தச் சொல்லிவிட்டு, அவளை வண்டியில் உட்காரச் சொன்னேன். நுனிக்கால்தான் தரையைத் தொட்டது. குள்ளமான பெண். இருக்கை உயரத்தை மட்டும் காகிதத்தில் பார்த்தால் இது தெரியாது. ஆக்டிவாவுக்கும் ஸ்கூட்டி பெப் பிளஸுக்கும் உயரம் ஏறக்குறைய ஒன்றுதான், 765 மில்லிமீட்டரை ஒட்டி. ஆனால் இருக்கை அகலமானால் தொடை விரிந்து, பாதம் மேலே போய்விடும். ஒடுங்கிய இருக்கையில் அதே கால் நன்றாக ஊன்றும்.

இது ஏன் முக்கியம் என்பது மரப்பாலம் சிக்னலில் நின்றால் புரியும். பின்னால் கடலூர் பஸ், பக்கத்தில் ஷேர் ஆட்டோ, இடது பக்கம் ரோடு சரிந்து இறங்குகிறது. அங்கே நுனிக்காலை நம்பி நூறு கிலோவுக்கு மேல் கனமுள்ள வண்டியைத் தாங்க முடியாது. கடைத்தெருவில் இன்னொரு பாடு. காலையில் தாராளமாக இடம் பார்த்து நிறுத்திய வண்டி, சாயங்காலம் நாலாபுறமும் நெருக்கப்பட்டு நிற்கும். பின்கம்பியைப் பிடித்துத் தூக்கி நகர்த்தித்தான் வெளியே எடுக்க வேண்டும். அதனால் அவளை மெயின் ஸ்டாண்டு போட்டு எடுக்கச் சொன்னேன், பின்னுக்குத் தள்ளச் சொன்னேன். ஸ்டாண்டு மிதிப்பதில் பலத்தைவிடப் பழக்கம்தான் பெரிது. நாலாவது தடவை தானாக ஏறியது.

அப்படியானால் சுமார் 95 கிலோ எடையுள்ள பெப் பிளஸ் பழையது ஒன்றை வாங்கிவிடலாமே என்று அண்ணன் சொன்னார். வில்லியனூர் என்றால் சரி என்றிருப்பேன். அரும்பார்த்தபுரம் பாலம் ஏறி, மூலக்குளம், ரெட்டியார்பாளையம் தாண்டினால் டவுன். பாகூர் அதைப்போல் இரண்டு மடங்கு தூரம். தை மாதம் அறுப்பு நேரத்தில் ரோட்டில் நெல்லும் வைக்கோலும் பரப்பியிருப்பார்கள், ஐப்பசி கார்த்திகையில் பள்ளமெல்லாம் தண்ணீர். பெப் பிளஸின் 10 அங்குலச் சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் ஹேண்டிலையே பிடுங்கும். 12 அங்குலம் அதைத் தாண்டி உருளும். ஜூபிடருக்கு இரண்டு சக்கரமும் 12 அங்குலம். அதையே எடுத்தோம், ஓட்டிப் பார்த்துக் கால் ஊன்றியது உறுதியான பிறகு.

பழைய வண்டி வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2019 ஏப்ரலிலிருந்து 125 சிசி வரையுள்ள புது வண்டிகளில் இரு பிரேக்கும் சேர்ந்து பிடிக்கும் அமைப்போ ஏபிஎஸ்ஸோ கட்டாயம். அதற்கு முந்தைய வண்டிகள் பலவற்றில் அது இருக்காது. வைக்கோல்மேல் முன் பிரேக்கை மட்டும் பிடித்தால் வண்டி வழுக்கிவிடும்.

ஹெல்மெட்டைத் தனிக் கடையில் வாங்கினோம். ஐஎஸ்ஐ முத்திரை பார்த்து, கன்னத்தை அழுத்திப் பிடிக்கும் அளவில், தாடைப் பட்டை மாட்டித் தலையை ஆட்டிப் பார்த்து எடுத்தாள். விலையைக் கேட்டு அண்ணன் யோசித்தார். அந்த விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்கவில்லை.