சாந்த்ராகாச்சியிலிருந்து ஒரு சித்திரக்கதை

ஹௌராவைக் கொல்கத்தாவின் தலைவாயில் என்பர். ஆயினும் சென்னையிலிருந்து வரும் வண்டிகளிற் சில அங்கே செல்லாமல், அதே ஹௌரா ஜில்லாவைச் சேர்ந்த சாந்த்ராகாச்சியிலேயே பிரயாணத்தை முடித்துக்கொள்கின்றன. இவ்வூர் இரயில்வே குடியிருப்பில் வாழும் குமாஸ்தாக்களுள் நாமும் ஒருவர்.

ரயிலடிக்கு அருகே நமது இலாகாவின் ஏரி ஒன்று உண்டு. பனிக்காலத்தில் சீழ்க்கைச் சிறகி என்னும் வாத்தினங்கள் ஆயிரக்கணக்கில் வந்து ஆகாயத்தாமரைத் திட்டுகளில் தங்கும். இஞ்சினின் ஊதலுக்கும் அவை அஞ்சுவதில்லை.

இவ்வூரிலேயே பிறந்த நம் மகனுக்கு வயது பத்து. வங்காளமும் ஹிந்தியும் சரளமாகப் படிப்பான். தமிழ் பேசுவான், ஆனால் அரிச்சுவடியைக் கண்டால் மட்டும் அவனுக்கு வயிற்றுவலி வந்துவிடும். அன்பர்களுள் பலர் இல்லத்திலும் இவ்விதமே என்பதை நாம் அறிவோம்.

எனினும் படக்கதை என்றால் அவனுக்கு உயிர். வங்கச் சிறுவரைப் பல தலைமுறைகளாகச் சிரிக்கவைத்த நாராயண் தேப்நாத் அவர்கள் அண்டையிலுள்ள சிப்பூரில் 1925-ல் பிறந்தவர். 'சுக்தாரா' மாத இதழில் 1962-ல் ஹாந்தா–போந்தாவையும், 1965-ல் பாண்டுலையும் படைத்து, 2022-ல் மறைந்தார். நமது சிவகாசியிலிருந்து 1972-ல் முத்து காமிக்ஸ் வெளியிட்ட இரும்புக்கை மாயாவியும் இவ்வாறே எத்தனையோ பிள்ளைகளைப் படிக்கவைத்தான். இவ்விருவகையும் மனத்தில் ஊன்றவே, நாமே ஒன்று வரைந்தாலென்ன என்று துணிந்தோம்.

'ஏரிக்கரை விருந்தாளி' என்பது தலைப்பு. கூட்டத்தைப் பிரிந்த ஒரு சிறகியும், பாயிண்ட்ஸ்மேன் மகனும் அதன் பாத்திரங்கள். முதலில் பேச்சுக் குமிழியை வரைந்துவிட்டுச் சொற்களை எழுதினோம். நீண்ட தமிழ்ச் சொற்கள் அதனுள் அடங்கவில்லை. சொற்களை எழுதியபின் குமிழியைச் சுற்றவேண்டும் என்பதைப் பல தாள்களை வீணாக்கியே கற்றோம். நான்கு தாள்களை நடுவே மடித்துப் பின் அடித்தால் பதினாறு பக்கம். செராக்ஸ் கடையில் அறுபது பிரதிகள் எடுத்தோம். விலை ரூபாய் 30.

கொல்கத்தாப் புத்தகக் கண்காட்சி 1976-ல் தொடங்கியது. இப்பொழுது சால்ட் லேக்கில் கூடும் அவ்விழாவில், சிற்றிதழ்காரருக்கென்று தனி மண்டபமும் மேசைகளும் உண்டு. சிற்றிதழ் நடத்தும் வங்க நண்பர் ஒருவர் தம் மேசையில் ஒரு மூலையை நமக்கு ஈந்தார். ஒரு ஞாயிறன்று மகனுடன் பேருந்தேறி, வித்யாசாகர் பாலத்தைக் கடந்து அங்கே சென்றோம்.

மூன்று மணிவரை ஒரு பிரதியும் விற்கவில்லை. பலர் கையிலெடுத்தனர், எழுத்தைக் கண்டதும் புன்னகையோடு வைத்துவிட்டனர். நெஞ்சு தளர்ந்து தேநீர் அருந்தச் சென்றோம். திரும்பியபோது, மகன் படங்களைக் காட்டித் தானே கற்பனை செய்த ஒரு கதையை வங்காளத்தில் அளந்துகொண்டிருந்தான்! எதிரே நின்ற மூதாட்டி ஒரு குமிழியில் விரலை வைத்து, "பறவை என்ன சொல்கிறது? எழுத்தைப் பார்த்துச் சொல்" என்றார். பையன் முகம் சிவந்தது. நாம் உதவ வாய் திறக்க, அந்த அம்மையார் கையமர்த்தினார்.

"வ... ழி... தெ... ரி... ய... வில்லை" என்று எழுத்துக்கூட்டிப் படித்து, அதை வங்காளத்தில் சொன்னான். அம்மையார் அவசரப்படவேயில்லை. கடைசிக் குமிழிவரை கேட்டபின் இரண்டு பிரதிகள் வாங்கினார்.

அன்று விற்றவை ஒன்பதே. பேருந்துச் செலவும் தேநீரும் போக மிஞ்சியது ஒன்றுமில்லை. பலமுறை படித்ததில் கதை அவனுக்கு மனப்பாடமாகியிருக்குமே தவிர, தமிழ் வந்துவிட்டதாகச் சொல்லத் துணியோம் என்றே எண்ணியிருந்தோம். ஆனால் திரும்பும் வழியில் அவன், "அப்பா, அட்டையில் 'ஏரிக்கரை'க்குச் சின்ன ர போட்டிருக்கிறீர்கள், ஏழாம் பக்கத்தில் பெரிய ற இருக்கிறதே, எது சரி?" என்றான்.

நமக்கு நாணமும் ஆனந்தமும் ஒருங்கே எழுந்தன. எஞ்சிய ஐம்பத்தோரு பிரதிகளிலும் அக்'கறை'யைப் பேனாவால் திருத்தியவன் அவனே. அவற்றுள் ஒன்றை வேண்டும் அன்பர்கள் நம் இல்லத்துக்கு வருக. தம் குழந்தையையும் உடன் அழைத்து வருக.