உறுமிக்காரர்தான் ஜட்ஜ்!

கல்ச்சுரல்ஸ் மேடையில் ஆடி முடித்து, வேர்வை சொட்டச் சொட்ட மார்க் ஷீட்டை எட்டிப் பார்த்திருக்கிறீர்களா? எங்க டீம் பார்த்துச்சு. போன செமஸ்டரில் ஒரு இன்டர் காலேஜ் விழா. நாங்கள் பத்துப் பேர், தேவராட்டம். 'ஒருங்கிணைப்பு' கட்டத்தில் பத்துக்கு ஒன்பது. ஆஹா! அடுத்த கட்டம் 'ஒட்டுமொத்தத் தாக்கம்'. பத்துக்கு... நாலு! கீழே ஒரு ஜட்ஜ் பேனாவால் கிறுக்கியிருந்தார், 'நல்லா டிரில் பண்றீங்க' என்று. அது பாராட்டா, திட்டா என்று பஸ்ஸில் திரும்பி வரும் வரைக்கும் பட்டிமன்றம் ஓடியது.

உண்மையைச் சொல்லிடறேன். குற்றவாளி அடியேன்தான். மெக்கானிக்கல் மூன்றாம் வருஷம், ஆட்டத்தில் இடமிருந்து நாலாவது ஆள், அதோடு டீமுக்கு 'சவுண்ட் இன்ஜினீயர்'. எங்கேயோ கிடைத்த உறுமி ரெக்கார்டிங்கை லேப்டாப்பில் போட்டு வெட்டி ஒட்டி, டெம்போ ஆடாமல் அசையாமல் சமன் பண்ணி, சரியாக 8 நிமிஷம் 40 நொடிக்கு ஒரு ட்ராக் ரெடி செய்தது நான்தான். இந்த மாதிரி விழாக்களில் நேரம்தான் எமன். ஏ.ஐ.யூ. நடத்தும் பல்கலைக்கழக இளைஞர் விழா விதிப்படியும் கிராமிய நடனத்துக்கு அதிகபட்சம் பத்து ஆட்டக்காரர்கள், எட்டிலிருந்து பத்து நிமிஷம். தாண்டினால் வம்பு. ட்ராக் இருந்தால் வம்பே இல்லை. அப்படித்தான் நினைத்தேன்.

எனக்கு இன்னொரு கிறுக்கும் உண்டு. ஹாஸ்டலில் எல்லோரும் மேட்ச் பார்க்கும்போது நான் அமெரிக்க 'டிரம் கோர்' வீடியோ பார்ப்பேன். ஃபுட்பால் மைதானம் முழுக்க நூற்றுக்கும் மேலே பசங்க... டிரம், ட்ரம்பெட், கொடி! வாசித்துக்கொண்டே நடந்து, ஓடி, கோலம் போடுகிற மாதிரி வடிவங்களை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். எல்லாம் நம்ம வயசுதான், 22 தொட்டால் ரிட்டையர்மென்ட்! 1971-ல் ஆரம்பித்த 'டிரம் கோர் இன்டர்நேஷனல்' என்ற அமைப்புதான் இதில் பெரிய போட்டியை நடத்துகிறது. மொத்தம் 100 மார்க். அதில் 40 'ஒட்டுமொத்தத் தாக்க'த்துக்கு, 30 கண்ணுக்கு, 30 காதுக்கு.

ஆனால் அந்தக் காலத்தில் அங்கே 'டிக்' என்றொரு முறை இருந்தது. ஜட்ஜ் அட்டையும் பென்சிலுமாக மைதானத்துக்குள்ளேயே இறங்கி, வாசிக்கிற பசங்களுக்கு நடுவில் நடப்பார். ஒரு குச்சி பிசகினால் ஒரு டிக். ஒரு டிக்குக்கு பத்தில் ஒரு மார்க் அவுட்! பசங்க என்ன செய்வாங்க? ரிஸ்க் எடுக்காமல், தப்பு வராத ஐட்டமாகப் பார்த்து வாசிப்பார்கள். 1980-களில் அந்த முறையையே தூக்கிவிட்டார்கள். மார்க் குறைப்பதற்குப் பதிலாக, என்ன செய்து காட்டினாய் என்று பார்த்து மார்க் போட ஆரம்பித்தார்கள். இதைப் படித்ததும் சுருக்கென்றது. டிக் போட ஜட்ஜே இல்லாத இடத்தில், நானாக எங்களுக்கு டிக் போட்டு ஒரு ட்ராக்கைச் செய்திருக்கிறேனே!

சரி, அசல் எப்படி இருக்கும்? அதைப் பார்க்கத்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை கோவில்பட்டியில் இறங்கி, கடலைமிட்டாய் பாக்கெட்டோடு எட்டயபுரம் பஸ் ஏறினேன். ஜன்னலோரம் முழுக்கக் கறுப்பு மண். இங்கே 'காடு' என்றால் மரம் தேடாதீங்க பாஸ், மானாவாரி நிலத்துக்குத்தான் அந்தப் பேர். அறுவடை முடிந்து, மண் வெடிக்க ஆரம்பித்திருந்தது. ரோட்டோரத்தில் வத்தல் காய்கிற நெடியில் ரெண்டு தும்மல்.

எட்டயபுரம் என்றால் உங்களுக்கு உடனே பாரதி ஞாபகம் வரும். மணிமண்டபத்துக்குப் போனேன், மீசையோடு செல்ஃபியும் எடுத்தேன். ஆனால் எனக்கு இங்கே வேறொரு ஆள் முக்கியம். முத்துசுவாமி தீட்சிதர். 1835-ல் இந்த ஊரில்தான் காலமானார், நினைவிடமும் இங்கேயே இருக்கிறது. கர்னாடக சங்கீதம்னா நமக்கு அலர்ஜிதான், ஒத்துக்கறேன். ஆனா இதைக் கேளுங்க. இவர் இளவயதில் சென்னைப் பக்கம் மணலியில் இருந்தபோது, கோட்டையில் வெள்ளைக்காரர்கள் வாசித்த பேண்டைக் கேட்டு, அந்த மெட்டுகளுக்கு சம்ஸ்கிருத வரிகள் எழுதினார். 'நோட்டு ஸ்வரம்' என்று பேர், கிட்டத்தட்ட 40 இருக்கிறது. 'சந்ததம் பாஹிமாம்' கேட்டுப் பாருங்க, அப்படியே இங்கிலாந்து தேசிய கீத மெட்டு! அவர் தம்பி பாலுசுவாமி இன்னும் ஒரு படி மேலே. பேண்ட் கோஷ்டியிடமிருந்து வயலினையே கற்றுக்கொண்டு நம்ம சங்கீதத்துக்குள் கொண்டு வந்தவர், பிறகு எட்டயபுரம் அரண்மனை வித்வான். அவருடைய பேரன் சுப்பராம தீட்சிதர் 1904-ல் 'சங்கீத சம்ப்ரதாய ப்ரதர்சினி' என்று தலையணை சைஸில் ஒரு புத்தகம் போட்டார், இதே ஊரில். ஒரு ஸ்வரத்தை எப்படி அசைக்க வேண்டும் என்பதற்குக்கூடத் தனித்தனிக் குறி. காற்றில் போகிற பாட்டை இந்த ஊர் காகிதத்தில் பிடித்து வைத்திருக்கிறது.

ஆனால் அதே ஊரைச் சுற்றியுள்ள கரிசல் கிராமங்களில் இருக்கிற தேவராட்டம் மட்டும் காகிதத்துக்கு வராமல் காலில் இருக்கிறது. ராஜகம்பளத்து நாயக்கர்களின் ஆட்டம் இது. கட்டபொம்மன் வம்சம். முன்பு அவர்கள் சமூகத்து ஆண்கள் மட்டும், தங்கள் கோயில் கும்பிடுக்கும் கல்யாணத்துக்கும் ஆடியது. ஜமீன் கோடாங்கிபட்டி கலைஞர்கள் வெளியுலகத்துக்குக் கொண்டுவர, இன்று தமிழ்நாடு முழுக்கப் பள்ளி, கல்லூரி மேடைகளில் பெண்களும் ஆடுகிறார்கள். ரெண்டு கையிலும் கைக்குட்டை, காலில் சலங்கை. பாட்டே கிடையாது! ஒரே ஒரு உறுமி வகை மேளம், 'தேவதுந்துமி' என்பார்கள். ஒரு பக்கத்தை வளைந்த குச்சியால் தேய்த்தால் வயிற்றுக்குள்ளிருந்து ஒரு உறுமல் வரும். மறுபக்கம் அடி. அடிப்படை அடவு 32, அதைப் பெருக்கினால் 72 என்று கணக்குச் சொல்கிறார்கள்.

நண்பனின் மாமா சொல்லிவிட்டிருந்ததால், பக்கத்துக் கிராமம் ஒன்றில் வேப்பமரத்தடியில் ஒரு உறுமிக்காரத் தாத்தா காத்திருந்தார். "பேரெல்லாம் போட வேண்டாம் தம்பி, பழகினவுக ஊர்ல நிறையப் பேர் இருக்காக" என்று முதலிலேயே கண்டிஷன். மோர் வந்தது. எங்கள் ட்ராக்கை மொபைலில் போட்டுக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டார். பாதியில் நிறுத்தச் சொன்னார்.

"அடி சுத்தமாத்தான் இருக்கு. இதுல அடிக்கிறவன் யாரைப் பாத்து அடிக்கான்?"

"யாரையும் இல்ல தாத்தா, இது ரெக்கார்டிங்."

"அப்போ நீங்க ஆடுறதை யாரு பாக்கா?"

ஜட்ஜ் பார்ப்பார் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லலை.

பேரன் வயசுப் பையன்கள் நாலு பேரைக் கூப்பிட்டு நிற்க வைத்தார். மெதுவாக ஆரம்பித்தார். நான் ஆட்டத்தைப் பார்க்காமல் தாத்தாவின் கண்ணையே பார்த்தேன். அவர் பார்ப்பது முன்னால் ஆடுகிறவனை இல்லை... கடைசி ஆளின் காலை! அந்தக் கால் சுத்தமாக விழுந்ததும், உறுமியில் ஒரு இழுப்பு, அடி மாறுகிறது, நாலு பேரும் சட்டென்று அடுத்த அடவுக்குத் தாவுகிறார்கள். ஒன், டூ, த்ரீ எண்ணுவதே கிடையாது. அடி எப்ப மாறும் என்பது ஆடுகிறவனுக்குத் தெரியாது. அதனால் காது முழுக்க மேளத்தில். எங்கள் டீமுக்கோ எட்டாவது நொடியில் என்ன, எண்பதாவது நொடியில் என்ன என்று எல்லாம் மனப்பாடம். மூஞ்சியில் உயிர் எங்கேயிருந்து வரும்?

"நீங்களும் நில்லுங்க தம்பி" என்றார். ஐந்தாவது ஆளாக, அதாவது கடைசி ஆளாக மாட்டிக்கொண்டேன்! மூன்றாவது அடவில் ஒரு பக்கம் உட்கார்ந்து திரும்ப வேண்டும். மற்றவர்கள் திரும்பியபோது நான் எதிர்ப்பக்கம் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நின்றுவிடுவார் என்று நினைத்தேன். நிறுத்தவில்லை. அதே அடியை, அதே வேகத்தில், திரும்பத் திரும்ப... ஆறு சுற்று இருக்கும். மற்ற நாலு பேரும் சலிக்காமல் ஆடினார்கள். ஏழாவது சுற்றில் என் கால் சரியாக விழுந்தது. உறுமி இழுத்தது. அடி மாறியது. மார்க் ஷீட் கிடையாது, ஆனால் நான் பாஸ் என்று உடம்புக்குத் தெரிந்துவிட்டது பாருங்க... புல்லரிச்சிடுச்சு!

"ஒருத்தன் தடுமாறினா நான் அடுத்ததுக்குப் போகமாட்டேன். அவன் வந்து சேரட்டும்னு அங்கனயே சுத்துவேன். பாக்குற சனத்துக்கு அது தப்புன்னே தெரியாது" என்றார் தாத்தா. பிசகினால் பத்தில் ஒன்று குறைக்கிற அமெரிக்க ஜட்ஜும் வட்டத்துக்கு நடுவில்தான் நடந்தார், இவரும் நடுவில்தான் நிற்கிறார். ஆனால் ரெண்டு பேர் வேலையும் எவ்வளவு வேற!

இங்கேதான் சிக்கல். திருட்டுத்தனமாக ஸ்டாப்வாட்ச் ஓட்டியிருந்தேன். 14 நிமிஷம் 20 நொடி! மேடையில் மைக்கைப் பிடுங்கிடுவாங்க. தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

அவர் கோபப்படவில்லை. "கோயில்ல விடிய விடிய ஆடுவோம். சர்க்கார் விழான்னா கா மணி நேரத்துல முடிக்கோம். நேரம் இல்லைன்னா விரட்டக் கூடாது தம்பி, அடவைக் குறைக்கணும். நீங்க எத்தனை வச்சிருக்கீக?"

"பதினாலு."

"ஒம்பது போதும். மிச்ச நேரம் என் கையில இருக்கட்டும்."

மெக்கானிக்கல் பசங்களுக்கு இது சட்டென்று புரியும். ஷாஃப்டுக்கும் பேரிங்குக்கும் நடுவில் கொஞ்சம் இடைவெளி விடாமல் இறுக்கிப் பொருத்தினால் என்ன ஆகும்? ஜாம்! நான் அந்த 8:40-க்குள் ஒரு நொடிகூட மிச்சம் வைக்காமல் அடைத்திருந்தேன்.

அடுத்த போட்டிக்கு அவரால் வர முடியாது, கோயில் கொடை வருகிறது. ஆனால் உறுமி பழகும் பேரனை அனுப்புகிறேன் என்றார். பஸ் செலவு, சாப்பாடு, அவனுக்கு ஒரு நாள் சம்பளம். "சும்மா கூட்டிட்டுப் போயிராதீக" என்று அதையும் கறாராகச் சொன்னார். நியாயம்தானே? டிரெஸ் வாடகைக்குக் கொடுக்கிற நாம் மேளத்துக்குக் கொடுக்க யோசிக்கிறோம்.

திரும்பும் பஸ்ஸிலேயே டீம் வாட்ஸ்அப் குரூப்பில் ஓட்டெடுப்பு வைத்தேன். லைவ் உறுமியா, ட்ராக்கா? நேரம் தாண்டினால் டிஸ்குவாலிஃபை ஆகலாம், அதையும் மறைக்காமல் போட்டேன். கோவில்பட்டி வருவதற்குள் ரிசல்ட் வந்துவிட்டது. லைவ் ஆறு, ட்ராக் நாலு. அந்த நாலு பேரில் ஒருத்தன் எங்கள் கேப்டன். நாளைக்குச் சாயங்காலம் ஹாஸ்டல் மொட்டை மாடியில் பஞ்சாயத்து!