மல்லிக் பஜாரும் ஒரு பழைய எம்.ஜி. காரும்

கொல்கத்தாவுக்கு வரும் உறவினரை நாம் காளிகட்டத்திற்கும் தட்சிணேசுவரத்திற்கும் விக்டோரியா மண்டபத்திற்கும் அழைத்துச் செல்கிறோம். மல்லிக் பஜாருக்கு அழைத்துச் செல்வார் எவருமில்லை. பார்க் வீதியும், முன்னாளில் லோயர் சர்க்குலர் ரோடு என வழங்கிய ஆசார்ய ஜகதீச சந்திர போஸ் சாலையும் கூடுகின்ற நாற்சந்தியே அது. சியால்டாவிலிருந்து தெற்கு நோக்கிச் சென்று மௌலாலியைத் தாண்டினால் அவ்விடத்தை அடையலாம். அருகிலுள்ள கல்லறைத் தோட்டத்தில் வங்கக் கவி மைக்கேல் மதுசூதன தத்தர் துயில்கின்றார். மாண்ட மனிதர்க்கு அங்கே இடமென்றால், மாண்ட மோட்டார் வண்டிகளுக்கு இந்தப் பஜாரில் இடம்!

கடைதோறும் கதவுகளும் விளக்குகளும் கியர்பாக்ஸுகளும் மலைபோற் குவிந்து கிடக்கின்றன. ஹூக்ளி நதிக் கரையில் உத்தரபாராவில் 2014ஆம் ஆண்டு வரை உருவான அம்பாஸடரின் உறுப்புகளை இங்கே தேடி வாங்குவோர் இன்றும் உளர். பழைய வண்டிகளின்மீது இந்நகரத்தாருக்குள்ள பற்று அத்தகையது. 1968ஆம் ஆண்டு முதற்கொண்டு ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையார் இங்கு நடத்திவரும் பழங்கார்களின் ஊர்வலத்தைக் கண்டவர்கள் இதனை அறிவர்.

அத்தகைய ஊர்வலங்களிற் சிறுவர்களும் பெரியவர்களும் ஒருங்கே கைகொட்டி வரவேற்கும் வண்டி ஒன்றுண்டு. இங்கிலாந்தில் ஆபிங்டன் என்னும் ஊரில் 1945 முதல் 1949 வரை செய்யப்பட்ட எம்.ஜி. டி.சி. என்பதே அது. இருவர் மட்டுமே அமரக்கூடிய விளையாட்டுக் கார். உலகெங்கும் விற்பனையானவை சுமார் 10,000 வண்டிகளே. 1,250 கன சென்டிமீட்டர் என்ஜின், இரண்டு கார்புரேட்டர்கள், மெல்லிய கம்பி ஆரங்கள் கொண்ட உயரமான சக்கரங்கள், முன்னே மடித்துப் படுக்க வைக்கத்தக்க கண்ணாடி. பார்த்த மாத்திரத்தில் மனத்தைப் பறிகொடுக்கச் செய்யும் அழகு.

நம் சங்கத்து அன்பர் ஒருவர் அவ்வாறே மனத்தைப் பறிகொடுத்தார். சென்ற ஆண்டு பணியினின்றும் ஓய்வு பெற்றவர். மல்லிக் பஜாருக்குப் பின்னாலுள்ள சந்தொன்றில் ஒரு டி.சி. விலைக்கு நிற்பதாகக் கேள்வியுற்றார். கும்பகோணத்திற்கருகே பூர்விக வீட்டிற்கு ஓடு மாற்றுவதற்கென வைத்திருந்த சேமநிதிப் பணத்தை அதில் இடுவதென முடிவும் செய்துவிட்டார். அவருடைய மனைவியார் நம்மிடம், "அவர் ஆசையை நான் தடுக்கமாட்டேன், தம்பி. ஆனால் தெரிந்தவர் ஒருவர் வண்டியை நன்றாகப் பார்த்துச் சரி என்று சொல்லவேண்டும். வீடு ஒழுகுகிறது" என்றார். ரயில்வேயில் வண்டிப் பரிசோதகராயிருந்து ஓய்வுற்ற வங்காளி நண்பர் ஒருவரை அழைத்துக்கொண்டு மூவருமாகச் சென்றோம்.

கொட்டகையில் வண்டி செக்கச் சிவந்து பளபளத்தது. அன்பரின் கண்கள் வண்ணப்பூச்சை விட்டு அகலவில்லை. பரிசோதகரோ அதனைத் திரும்பியும் பார்த்தாரில்லை. "பூச்சு கடைசியாகப் பார்க்க வேண்டியது" என்று கூறி, துணியிற் சுற்றிய சிறு காந்தத்தை எடுத்தார். தகட்டின்மேல் அதனை வைத்துக்கொண்டே சென்றார். இரும்பு உள்ள இடத்திற் காந்தம் பற்றிக்கொண்டது. பின் மட்கார்டின் கீழ்ப்பாகத்தில் வழுக்கி விழுந்தது. அங்கே தகடு துருவேறிப்போக, பட்டி பூசி மெழுகியிருந்தார்கள்.

டி.சி. வண்டியின் உடற்கூடு இரும்பன்று. ஆஷ் என்னும் ஐரோப்பிய மரத்தால் கூடு அமைத்து, அதன்மேல் தகட்டைப் போர்த்தியிருக்கிறார்கள். கொல்கத்தாவின் ஈரக்காற்றும் மழைக்காலத்தில் முழங்காலளவு தேங்கும் வெள்ளமும் அம்மரத்திற்குப் பகை. இவ்வண்டியின் கதவுகளுக்குக் கீல் பின்புறத்தில் உள்ளது. பரிசோதகர் கதவைத் திறந்து, அதன் நுனியை மெல்ல உயர்த்தினார். வலக்கதவு அசையாமல் நின்றது. இடக்கதவோடு கீல் பொருந்திய தூணும் சேர்ந்து மேலெழுந்தது. பேனாக்கத்தியின் முனையைத் தூணின் அடியில் வைத்து அழுத்தினார். வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கிற்று. மரக்கூட்டைப் புதிதாகச் செய்யலாம்; ஆயின் தகடு முழுவதையும் கழற்ற வேண்டும். அச்செலவு சிறிதன்று.

பின்னர்ச் சக்கரங்களுக்கு வந்தார். நிலையங்களில் ரயில் சக்கரங்களைச் சுத்தியலால் தட்டி ஓசை கேட்டதுபோல், கம்பி ஆரங்களை ஒவ்வொன்றாக ஒரு சாவியால் தட்டிச் செவி சாய்த்தார். இறுக்கமான ஆரம் 'டிங்' என ஒலிக்கும்; தளர்ந்தது 'டக்' என மடியும். ஒரு சக்கரத்தில் மட்டும் ஆறு ஆரங்கள் மடிந்த ஓசை எழுப்பின. ஸ்டியரிங்கை இருவிரல் அகலம் திருப்பியும் முன்சக்கரம் திரும்பவில்லை. பழைய டி.சி.க்களில் ஸ்டியரிங் பெட்டி தேய்வது சகஜமாம்.

என்ஜினைப் பற்றி அவர் கூறியது நமக்குப் புதுமையாயிருந்தது. அதன் போல்ட்டுகளின் மறை மெட்ரிக் அளவு. தலையோ விட்வொர்த் என்னும் ஆங்கில அளவு. இதனை அறியாத மிஸ்திரிகள் கையிற் கிடைத்த போல்ட்டை வலிந்து முறுக்கி மறையைக் கெடுத்துவிடுகிறார்கள். குளிர்ந்த என்ஜினை நம் எதிரிலேயே கிளப்பச் செய்தார். முன்கூட்டியே சூடாக்கி வைத்த என்ஜின் தன் நோயை மறைக்குமாம். நன்கு சூடேறி ஓடும்போது எண்ணெய் அழுத்தம் 40 பவுண்டுக்குக் குறையாதிருத்தல் வேண்டும். இது 25இல் நின்றது. சிலிண்டர் தலையில் வெடிப்பு இருக்கிறதா என்பதையும் கழற்றித்தான் பார்க்கவேண்டும் என்றார். எத்தனால் கலந்த இந்நாளைய பெட்ரோல் பழைய ரப்பர்க் குழாய்களை அரிக்கும். ஆகவே அவற்றை மாற்றியே தீரவேண்டும் என்றும் எச்சரித்தார்.

இத்தனைக்கும் பிறகும் அன்பர், "பணம் செலவழித்தால் எல்லாம் சரியாகிவிடும் அல்லவா?" என்றார். அப்பொழுதுதான் நாம் ஆர்.சி. புத்தகத்தைக் கேட்டு வாங்கினோம். சரக்கு வாகனின் எண்ணில் ஓர் இலக்கம் பிறழ்ந்தாலும் சரக்கு வேறூர் சென்றுவிடும் என்பதை அன்றாடம் கண்டு பழகிய கண்கள் நம்முடையவை. புத்தகத்திலிருந்த சேஸிஸ் எண்ணும், சட்டத்திற் பொறித்திருந்த எண்ணும் இரண்டு இலக்கங்களில் வேறுபட்டிருந்தன. புத்தகத்திலுள்ள உரிமையாளர் காலமாகிவிட்டார். வாரிசுகளின் சம்மதப் பத்திரம் ஏதுமில்லை. விற்பவர், "இரண்டு எண்தானே, யார் பார்க்கப் போகிறார்கள்?" என்று சிரித்தார்.

பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். 2021ஆம் ஆண்டு ஜூலையில் மத்திய அரசு வகுத்த விதிகளின்படி, 50 ஆண்டுகளுக்கு மேற்பட்ட, பெரிதும் மாற்றப்படாத சொந்த வண்டிகளைப் பழம்பெரும் வண்டிகளாகப் பதியலாம். முதற் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். பதிவு 10 ஆண்டுகளுக்குச் செல்லும். காட்சி, ஊர்வலம், பழுது பார்த்தல், பெட்ரோல் நிரப்புதல் போன்றவற்றிற்கு மட்டுமே அவ்வண்டியைச் சாலையில் ஓட்டலாம். தினசரிப் போக்குவரத்துக்கு ஆகாது. எண் ஒவ்வாத வண்டிக்கோ பதிவும் இல்லை, பெயர் மாற்றமும் இல்லை. மரத்தைப் பணத்தால் மாற்றலாம். பிறர் உடைமையைப் பணத்தால் நம் உடைமை ஆக்கவியலாது.

அன்பர் நெடுநேரம் வண்டியின்மேற் கை வைத்தபடி நின்றார். பிறகு ஒன்றும் பேசாமல் வெளியே வந்தார். மூவரும் சாலையோரக் கடையில் மண்குவளையில் தேநீர் அருந்தினோம். "எண்ணும் காகிதமும் முதலில், மரமும் சட்டமும் அடுத்து, என்ஜின் அதற்கும் பின், பூச்சு கடைசி" என்று பரிசோதகர் விரல் மடக்கி உரைத்த வரிசையை, பழைய கார் எதனை வாங்கக் கருதும் அன்பரும் குறித்துக்கொள்வாராக.

கும்பகோணத்து வீட்டிற்குச் சித்திரை மாதம் ஓடு மாற்றியாயிற்று. அன்பர் இன்றும் ஞாயிறுதோறும் மல்லிக் பஜாருக்குச் செல்கிறார். சட்டைப்பையில் ஒரு சிறு காந்தம் வைத்திருக்கிறார்.