கண்டது, கேட்டது, நினைத்தது

அண்மையில் ஒரு புத்தக வெளியீட்டு மேடையில் பதிப்பாளர் ஒருவர் பேசினார். சர்ச்சை எழுந்தால்தான் அரசியல் நூல் விற்கும், அந்தச் சர்ச்சையைப் பத்திரிகைகளே இலவசமாகக் கிளப்பித் தந்துவிடுகின்றன என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம். "டெஸ்க்கில் இருப்பவர்களுக்கு என்ன பெரிய வேலை? நாம் அனுப்புவதை வெட்டி ஒட்டுவதுதானே?" என்றும் சேர்த்துக்கொண்டார். அரங்கம் சிரித்தது. பணிக்காலம் முழுவதையும் ஒரு தமிழ் நாளிதழின் டெஸ்க்கில், அதாவது செய்திகளைத் திருத்தித் தலைப்பிடும் பிரிவில், கழித்து ஓய்வு பெற்றவன் நான். அந்த வெட்டுதலும் ஒட்டுதலும் என்ன வேலை என்பதை ஒருவராவது எழுதிவைக்க வேண்டும் என்று அன்று தோன்றியது.

அரசியல் நூல் செய்தியாகும்போது டெஸ்க்குக்குப் புத்தகம் வருவதில்லை. வெளியீட்டுக்குச் சில நாள் முன்பே பதிப்பகம் சூடான பக்கங்களைப் பொறுக்கி எடுத்து ஓர் ஆங்கிலப் பத்திரிகைக்குக் கொடுத்திருக்கும். அதைச் செய்தி ஏஜென்சி சுருக்கும். வெளியூர்களுக்கு முதலில் அச்சாகும் டாக் எடிஷனுக்குப் பக்கம் முடிக்கும் நேரத்தில் அந்தச் சுருக்கம் சப் எடிட்டரின் கைக்கு வரும். பெரிய நூல் அதற்குள் ஏழெட்டுப் பத்தியாகியிருக்கும். இன்ட்ரோவில், அதாவது முதல் பத்தியில், குற்றச்சாட்டு நிற்கும். நூலாசிரியர் எதை வைத்து அப்படிச் சொல்கிறார் என்பது நடுவில் எங்கோ இருக்கும். சம்பந்தப்பட்டவரின் மறுப்பு கடைசிப் பத்தியில். கடைசி நேரத்தில் விளம்பரம் வந்து இடம் குறைந்தால் காப்பியைக் கீழிருந்து வெட்டுவதுதான் வழக்கம். முதலில் மறுப்பு போகும், அடுத்து ஆதாரம் போகும், குற்றச்சாட்டு மட்டும் காலையில் வாசகர் வீட்டுக்குப் போய்ச் சேரும். யாரும் சதி செய்யவில்லை. ஆனாலும் ஒருவர் பெயர் கெட்டுவிடும். இந்த வகைச் செய்தியை மட்டும் நடுவிலிருந்து வெட்டத் தெரிய வேண்டும். அதைச் செய்ய, எந்தப் பத்தி எதைத் தாங்கி நிற்கிறது என்பது புரிந்திருக்க வேண்டும்.

எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தவர் எங்கள் சீஃப் சப், அதாவது தலைமை உதவி ஆசிரியர். பள்ளி ஆசிரியராக இருந்து பத்திரிகைக்கு வந்த தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். அரசியல் நூல் பற்றிய காப்பி எது வந்தாலும் பென்சிலோடு உட்கார்ந்து, வரிக்கு வரி ஓரத்தில் 'க', 'கே', 'நி' என்று எழுதுவார். கண்டது, கேட்டது, நினைத்தது. "தம்பி, இந்த ஆளு இதைக் கண்ணால கண்டாரா, ஒருத்தர் சொல்லிக் கேட்டாரா, இல்ல இவரா நினைச்சுக்கிட்டாரா? அதைச் சொல்லு மொதல்ல. அப்புறம் தலைப்புப் போடலாம்" என்பார். எங்களுக்குப் பொறுமை போகும். கீழே அச்சகத்திலிருந்து ஆள் மேல் ஆள் வருவார்கள். அவர் அசையமாட்டார்.

நினைவுக் குறிப்பு எழுதுகிறவர்கள் மூன்றையும் ஒரே வாக்கியத்தில் குழைத்துவிடுவார்கள் என்பதுதான் சிக்கல். அமைச்சர் முகம் சிவந்து அறையை விட்டு வெளியேறினார்: அது கண்டது. உள்ளே வாக்குவாதம் நடந்ததாகச் செயலாளர் சொன்னார்: அது கேட்டது. அன்றே ஆட்சியின் முடிவு தொடங்கிவிட்டது: அது நினைத்தது. அச்சில் மூன்றும் ஒரே கனத்தில் நிற்கும். தலைப்புக்குக் கவர்ச்சி மூன்றாவதில்தான். சீஃப் சப் அதைத் தொடவே விடமாட்டார். 'அம்பலம்', 'அதிர்ச்சித் தகவல்', 'போட்டுடைத்தார்' மூன்றுக்கும் அவர் மேசையில் இடமில்லை. நூலாசிரியரின் பெயரைத் தலைப்பிலேயே போடச் சொல்வார், தலைப்பு நீண்டு இரண்டு வரியானாலும் சரி. புத்தகம் கடைக்கு வந்துவிட்டது என்று தெரிந்தால் அண்ணா சாலை ஹிக்கின்பாதம்ஸுக்கு ஆள் அனுப்புவார். பணம் அவர் சட்டைப்பையிலிருந்து போகும்.

1983இல் சீமோர் ஹெர்ஷின் 'தி ப்ரைஸ் ஆஃப் பவர்' வந்தபோது நான் டெஸ்க்குக்குப் புதியவன். அமெரிக்க வெளியுறவு அமைச்சராக இருந்த கிஸ்ஸிஞ்சரைப் பற்றிய தடித்த நூல் அது. இந்தியாவுக்கு அதில் முக்கியமாகப் பட்டது ஒரே விஷயம்: முன்னாள் பிரதமர் மொரார்ஜி தேசாய் சி.ஐ.ஏ.விடம் ஆண்டுக்கு 20,000 டாலர் பெற்றார் என்ற குற்றச்சாட்டு. ஹெர்ஷ் சாதாரண ஆள் இல்லை. வியட்நாமின் மை லாய் படுகொலையை உலகுக்குச் சொல்லிப் புலிட்சர் பரிசு பெற்றவர். ஆனால் இந்தக் குற்றச்சாட்டுக்கு அவர் காட்டிய ஆதாரம் பெயர் வெளியிடப்படாத முன்னாள் அதிகாரிகள். ஓரத்தில் 'கே' விழுந்தது. யாரிடம் கேட்டது என்று தெரியாததால் பக்கத்தில் ஒரு கேள்விக்குறியும் விழுந்தது. மொரார்ஜி மறுத்தார், அமெரிக்க நீதிமன்றத்தில் ஐந்து கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டார். கிஸ்ஸிஞ்சரே சாட்சிக் கூண்டேறி, மொரார்ஜி சி.ஐ.ஏ.வுக்கு வேலை செய்ததாகத் தமக்குத் தெரியாது என்றார். 1989 அக்டோபரில் சிகாகோவில் ஜூரி ஹெர்ஷுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. மொரார்ஜிக்கு அப்போது 93 வயது.

தீர்ப்புச் செய்தியை எழுதுவதுதான் குற்றச்சாட்டை எழுதியதைவிடக் கடினமாக இருந்தது. அமெரிக்கச் சட்டப்படி, 1964ஆம் ஆண்டின் சல்லிவன் வழக்குத் தீர்ப்புக்குப் பிறகு, பொதுவாழ்வில் இருப்பவர் அவதூறு வழக்கில் வெல்ல வேண்டுமானால், எழுதியவர் பொய்யென்று தெரிந்தே எழுதினார் அல்லது மெய்யா பொய்யா என்று சட்டை செய்யாமல் எழுதினார் என்று நிரூபித்தாக வேண்டும். சுமை முழுவதும் வழக்குத் தொடுத்தவர் தலையில். அதை இறக்க முடியாமல் போனதால் மட்டும் குற்றச்சாட்டு மெய்யாகிவிடாது. 'மொரார்ஜி தோற்றார்' என்று மொட்டையாகத் தலைப்பிட்டால் வாசகர் என்ன எடுத்துக்கொள்வார்? மறுநாள் டீக்கடையில் அவர் உளவாளிதான் என்று முடிவாகிவிடும். சட்டம் கேட்ட கேள்வி என்ன என்பதை விளக்கி ஒரு சிறு பாக்ஸ் போட்டோம். கடைசி வரை இடத்துக்குச் சண்டை போட்டு வாங்கிய பாக்ஸ் அது.

இந்தத் தொழிலின் முழுக் கஷ்டமும் ஒரே வாரத்தில் கண்முன் வந்தது 2011 மார்ச்சில்தான். ஜோசப் லெலிவெல்ட் காந்தியைப் பற்றி எழுதிய 'கிரேட் சோல்' அமெரிக்காவில் வெளியானது. லெலிவெல்ட் நியூயார்க் டைம்ஸின் செயல் ஆசிரியராக இருந்தவர், தென்னாப்பிரிக்காவிலும் இந்தியாவிலும் செய்தியாளராகப் பணியாற்றியவர். நூலில் காந்திக்கும் ஹெர்மன் காலன்பாக் என்ற கட்டடக் கலைஞருக்கும் இருந்த நெருக்கம் பற்றிச் சில பக்கங்கள் உண்டு. 1910இல் ஜோகன்னஸ்பர்க் அருகே 1,100 ஏக்கர் நிலம் வாங்கி, டால்ஸ்டாய் பண்ணைக்காகச் சத்தியாகிரகிகளுக்குக் கொடுத்த காலன்பாக்தான் அவர். சிறைக்குப் போன தமிழர்களின் குடும்பங்கள் தங்கியிருந்த இடம் அது. அந்தப் பிள்ளைகளுக்குக் காந்தி தமக்குத் தெரிந்த அளவில் தமிழும் கற்றுக்கொடுத்திருக்கிறார்.

இருவருக்கும் இடையிலான கடிதங்களை லெலிவெல்ட் மேற்கோள் காட்டுகிறார். அவற்றை எப்படி வாசிப்பது என்று தயங்கித் தயங்கித்தான் எழுதுகிறார். ஓர் ஆங்கில வரலாற்றாசிரியர் அமெரிக்க நாளிதழ் ஒன்றில் எழுதிய கடுமையான மதிப்புரையில் அந்தத் தயக்கம் பாதி காணாமல் போனது. லண்டன் நாளேடு ஒன்று அந்த விவகாரத்தைத் தலைப்பாக்கியபோது மீதியும் போயிற்று. காந்தி மனைவியை விட்டு ஆண் காதலரோடு வாழப் போனார் என்று அந்தத் தலைப்பு சொன்னது. இங்குள்ள தொலைக்காட்சிகள் அதைப் பிடித்துக்கொண்டன. மார்ச் 30ஆம் தேதி குஜராத் சட்டமன்றம் நூலை ஒருமனதாகத் தடை செய்தது. இந்தியாவில் புத்தகம் அப்போது கடைக்கே வரவில்லை. காந்தி இருபாலின நாட்டம் உடையவர் என்று நூலில் எங்கும் தாம் எழுதவில்லை என்று லெலிவெல்ட் மறுத்தார். மத்தியிலும் தடை பற்றிப் பேச்சு எழுந்து பிறகு அடங்கியது. தடை வேண்டாம் என்று சொன்னவர்களில் காந்தியின் பேரன்மாரும் இருந்தார்கள்.

குஜராத் தடை வந்த அன்றிரவு எங்கள் டெஸ்க்கில் ஓர் இளைஞர் லண்டன் தலைப்பை அப்படியே தமிழாக்கி வைத்திருந்தார். "எல்லா சேனல்லயும் ஓடுது சார், நாம மட்டும் விட்டா எப்படி?" என்றார். தடையைத்தான் செய்தியாக எழுத வேண்டும், ஒரு சட்டமன்றம் கூடித் தீர்மானம் போட்டது நடந்த காரியம் என்றேன். நூல் சொல்வதாகச் சொல்லப்படுவதை அதற்குக் கீழே, 'இந்தியாவில் இன்னும் விற்பனைக்கு வராத நூல்', 'மதிப்புரைகளில் வந்தபடி' என்ற இரண்டு விவரங்களோடு போட வேண்டும் என்றேன். செய்தி ஆசிரியரோடு நெடுநேரம் வாதாடினேன். கடைசியில் அப்படியே வந்தது. அந்த ஒரு நாள் பக்கத்தை இன்றும் பெருமையோடு நினைத்துக்கொள்கிறேன்.

புத்தகம் கிடைத்ததும் வாங்கி முழுவதும் படித்தேன். தமிழ் வாசகர் சண்டை போட்டிருக்க வேண்டிய அத்தியாயம் ஒன்று அதில் இருந்தது. அது வைக்கத்தைப் பற்றியது. 1924–25இல் கோயிலைச் சுற்றிய சாலைகளில் நடக்கும் உரிமைக்காக நடந்த போராட்டத்தில் காந்தி எவ்வளவு தூரம் போனார், எங்கே நின்றுகொண்டார் என்று லெலிவெல்ட் விரிவாகக் கேட்கிறார். பெரியார் சிறை சென்ற போராட்டம் அது. நமக்கு அதில் சொல்ல எவ்வளவோ இருக்கிறது. அதைப் பற்றி எங்கள் பக்கத்துச் செய்தி எதிலும் ஒரு வரி கூட நான் காணவில்லை. பக்க எண்களோடு ஒரு கட்டுரை எழுதிக் கொடுத்தேன். "ஆறிப்போன விஷயம்" என்று திருப்பித் தந்துவிட்டார்கள். சர்ச்சை சூடாக இருக்கும்போது புத்தகம் இல்லை, புத்தகம் வரும்போது சூடு இல்லை. என் காலம் முழுவதும் என்னால் தீர்க்க முடியாத சிக்கல் இது.

ஜஸ்வந்த் சிங் விஷயத்திலும் இதுதான் நடந்தது. 2009 ஆகஸ்டில் ஜின்னாவைப் பற்றிய அவரது நூல் வெளியாகி இரண்டே நாளில் பா.ஜ.க. அவரைக் கட்சியை விட்டு நீக்கியது. குஜராத் அரசு நூலையும் தடை செய்தது. அடுத்த மாதமே உயர் நீதிமன்றம் தடையை ரத்து செய்தது. தடித்த அந்த நூலை இரண்டு நாளில் யார் படித்து முடித்திருக்க முடியும்? எல்லோரும் மேற்கோள் காட்டியது வெளியீட்டையொட்டி அவர் கொடுத்த தொலைக்காட்சி நேர்காணலின் வரிகளை. இது முழுக்க 'நி' வகை: பிரிவினைக்கு யார் யார் பொறுப்பு என்று ஓர் அரசியல்வாதி சிந்தித்து எழுதியது. சிந்தனைக்கு எதிர்ச்சிந்தனை எழுதலாம். அதை உளவுத் தகவல் கசிந்தது போலச் செய்தியாக்கினார்கள்.

2004இல் சோனியா காந்தி ஏன் பிரதமராகவில்லை என்ற கேள்விக்கு இரண்டு நூல்கள் விடை சொல்லின. அப்போது குடியரசுத் தலைவராக இருந்த கலாம் 'டர்னிங் பாயிண்ட்ஸ்' நூலில், சோனியா உரிமை கோரியிருந்தால் நியமிப்பதைத் தவிரத் தமக்கு வேறு வழி இருந்திருக்காது என்று 2012இல் எழுதினார். எட்டாண்டு காலம், கலாம்தான் தடுத்தார் என்று ஊரெல்லாம் பேசிய வதந்திக்கு, அந்த நாற்காலியில் இருந்தவரே கொடுத்த பதில் அது. 'க' என்று தயங்காமல் எழுதலாம். 2014இல் முன்னாள் வெளியுறவு அமைச்சர் நட்வர் சிங் தமது நூலில், தாயின் உயிருக்கு ராகுல் அஞ்சியதே காரணம் என்றார். அது இன்னொருவர் மனதில் இருந்த அச்சத்தைப் பற்றிய பேச்சு. அவர் காங்கிரஸை விட்டு விலகியவர் என்பதையும் வாசகருக்குச் சொல்ல வேண்டும். சோனியா, நானும் நூல் எழுதுவேன் என்று பதில் சொன்னார். இரண்டில் எதற்குக் கனம் அதிகம் என்று கேட்டால் எந்த சப் எடிட்டரும் யோசிக்காமல் கலாமின் நூல் என்பார். எதைப் பற்றி அதிகம் பேசினார்கள் என்று உங்களுக்கே தெரியும்.

இன்று அந்தப் பென்சில் கூட இல்லை. நூலின் அட்டைப்படம், நூலாசிரியர் முகம், நடுவில் மேற்கோள் குறிக்குள் ஒரு வரி: சமூக ஊடகத்துக்கான நியூஸ் கார்டு தயார். அந்த வரி எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று கேட்டால் தயாரித்தவருக்கே தெரியாது. மேற்கோள் குறிக்குள் இருப்பது நூலாசிரியரின் வாக்கியமா, ஏஜென்சிக்காரரின் சுருக்கமா, மொழிபெயர்த்தவரின் கைச்சரக்கா என்று பார்ப்பதற்கு ஆளே இல்லை. பல இடங்களில் டெஸ்க்கையே கலைத்துவிட்டார்கள். செய்தியாளர் அனுப்புவது நேராக ஏறுகிறது. வேகம் வேண்டும் என்கிறார்கள். டெலிபிரிண்டர் காலத்திலும் வேகம் இருந்தது. எங்களுக்கும் கடிகாரம் இருந்தது, எங்களை விரட்டவும் ஆட்கள் இருந்தார்கள். நூலாசிரியர்களும் இதைப் புரிந்துகொண்டு, கார்டுக்கென்றே நாலு வரி எழுதி உள்ளே வைக்கிறார்கள்.

இப்போது டெஸ்க்கில் இருக்கும் தம்பி தங்கைகளிடமும் அவர்களை நடத்தும் ஆசிரியர்களிடமும் ஒன்று கேட்கிறேன். அரசியல் நூல் ஒன்றின் குற்றச்சாட்டைச் செய்தியாக்கும்போது பக்க எண்ணைப் போடுங்கள். நூல் கையில் இல்லையென்றால், 'நூலை நாங்கள் இன்னும் பார்க்கவில்லை' என்று அச்சிடுங்கள். நூலாசிரியர் கண்டாரா, கேட்டாரா, நினைத்தாரா என்பதை இரண்டாவது வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள். மறுப்பை மூன்றாவதில் வையுங்கள், கீழிருந்து வெட்டினாலும் அது தங்கும். இதற்கு ஒரு தொலைபேசி அழைப்பும் அரைமணி நேரமும் போதும். பதிப்பாளர்கள் சாரத்தை அனுப்புவதை விட்டுப் புத்தகத்தை அனுப்பட்டும், வெளியீட்டுக்கு ஒரு வாரம் முன்பாக.