காரமடையில் முதல் நாள்

கப்பலில் சீமைக்குப் போய்வந்த காலத்தில் ஒரு சௌகரியம் இருந்தது. மூட்டை, முடிச்சு, மனிதன், அவனுடைய தூக்கம் ஆகிய நான்கும் ஒரே நாளில் கரை சேர்ந்தன. கப்பல் கிழக்கே வர வர, கடியாரத்தைச் சிறிது சிறிதாக முன்னால் தள்ளி வைத்துக்கொண்டே வருவார்கள். லண்டனுக்கும் நமக்கும் உள்ள ஐந்தரை மணி நேர வித்தியாசம் யாருக்கும் தெரியாமலே கடலில் கரைந்துவிடும். ஆகாய விமானத்தின் சுபாவம் வேறு. அது மனிதனை ஒரே நாளில் கொண்டுவந்து தள்ளிவிடுகிறது. தூக்கத்தை மட்டும் புறப்பட்ட ஊரிலேயே விட்டுவிடுகிறது. அந்தத் தூக்கம் பின்னாலேயே கால்நடையாகப் புறப்பட்டு, ஒரு வாரம் கழித்து வந்து சேருகிறது.

இந்த உண்மையை நாம் அறிந்துகொண்டது சென்ற பங்குனி மாதத்தில், காரமடையில்.

பெண்ணின் பிரசவத்துக்காகக் கார்த்திகையிலேயே லண்டனுக்குப் போயிருந்தோம். மார்கழியில், காரமடையில் நம் அக்காளின் கணவர் காலமானார். கைபேசி சமாசாரத்தை அரை நிமிஷத்தில் சொல்லிவிட்டது. ஆனால் சமாசாரம் வருகிற வேகத்தில் மனிதன் புறப்பட முடியுமா? பெண் ஆஸ்பத்திரியில் இருந்தாள். மாமாவின் கடைசி யாத்திரையைக் கைபேசியின் சிறு கண்ணாடியில் பார்த்துவிட்டு, ஜன்னலுக்கு வெளியே பனியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். மனைவியைப் பேரக்குழந்தையிடம் விட்டு, பங்குனியில் நாம் மட்டும் திரும்பினோம். சொந்த வீட்டுக்குப் போகுமுன் அக்காளைப் பார்ப்பது என்று தீர்மானம்.

பம்பாயில் விமானம் மாறி, கோயமுத்தூர் பீளமேட்டில் வந்து இறங்கியபோது காலை எட்டு மணி. நம்முடைய உடம்புக்கோ பின்னிரவு இரண்டரை. வெளியே வெயில் பளபளவென்று அடித்துக்கொண்டிருந்தது. கண்ணுக்கு அது பகல் என்று தெரிந்தது. வயிற்றுக்கும் காலுக்கும் தெரியவில்லை.

மேட்டுப்பாளையம் சாலையில் வாடகைக் கார் போயிற்று. கவுண்டம்பாளையம், துடியலூர் எல்லாம் அரைத் தூக்கத்தில் கழிந்தன. பெரியநாயக்கன்பாளையத்தில் கண் விழித்தோம். 1934-இல் காந்தியடிகள் அடிக்கல் நாட்டிய இராமகிருஷ்ண வித்யாலயம் அந்த ஊரில்தான் இருக்கிறது. இடப்புறம் குருடிமலை துணைக்கு வந்தது. அதையும் தாண்டிச் சிறிது தூரம் போனதும், வடக்கே நீலகிரி பெரிய நீலச் சுவராக எழுந்து நின்றது. அதன் அடியில் காரமடை.

அக்காள் திண்ணையில் உட்கார்ந்திருந்தாள். துக்க வீட்டில் வாருங்கள் என்று சொல்லும் வழக்கமில்லை, அவளும் சொல்லவில்லை. எழுந்து நின்று நம் கையைப் பிடித்துக்கொண்டாள். நாமும் ஒன்றும் பேசவில்லை. மூன்று மாதமாக மனத்தில் எழுதி வைத்திருந்த ஆறுதல் வார்த்தைகளில் ஒன்றுகூட அந்தச் சமயத்தில் கைகொடுக்கவில்லை.

காப்பி குடித்ததும் கண் சொருகியது. “படுத்தராதே தம்பி. இப்பப் படுத்தா ராத்திரிக்கு முழிச்சுக்குவே. வெயில்ல ஒரு நடை போயிட்டு வா” என்றாள் அக்காள்.

அக்காள் சொன்னது முற்றிலும் சாஸ்திரீயமான விஷயம். நம் மூளையின் அடிப்பாகத்தில், கண்ணிலிருந்து வரும் நரம்புகள் ஒன்றையொன்று கடக்கும் இடத்துக்கு மேலே, சுமார் இருபதாயிரம் நரம்பணுக்கள் கொண்ட ஒரு சிறு கடியாரம் இருக்கிறது. பசி, தூக்கம், உடம்பின் உஷ்ணம் எல்லாம் அதன் உத்தரவுப்படி நடக்கின்றன. அதற்குச் சாவி கொடுப்பது பகல் வெளிச்சம். இத்தகைய கடியாரம் உயிரணுக்களுக்குள் எப்படி ஓடுகிறது என்பதைப் பழ ஈக்களை வைத்து ஆராய்ந்து கண்டுபிடித்த ஹால், ராஸ்பாஷ், யங் என்ற மூன்று அமெரிக்கர்களுக்கு 2017-இல் நோபல் பரிசு கிடைத்தது. மனிதக் கடியாரத்தின் இயற்கையான சுற்று இருபத்து நாலு மணிக்குச் சற்று அதிகம். ஆகையால் நாளை நீட்டுவது அதற்குச் சுலபம், குறுக்குவது கஷ்டம். மேற்கே போகிறவனைவிடக் கிழக்கே வருகிறவன் அதிகமாகத் திண்டாடுவதன் காரணம் இதுதான். ஒரு மணி நேர வித்தியாசத்துக்கு ஏறக்குறைய ஒரு நாள் என்று கணக்குச் சொல்லுகிறார்கள். நம் கணக்கு ஆறு நாள்.

ஆகவே வெயிலில் நடந்தோம். காரமடையில் நடக்கிறவன் கால் தானாகவே அரங்கநாதர் கோயிலுக்குப் போய்விடும். முன் காலத்தில் இவ்விடம் காரை மரங்கள் அடர்ந்த காடாக இருந்ததாம். மேயப் போன பசு ஒன்று தினமும் ஒரு புதரின் மேல் பால் சொரிந்தது. மாட்டுக்காரன் புதரை வெட்டினான்; இரத்தம் பெருகியது; பெருமாள் வெளிப்பட்டார் என்பது தல வரலாறு. ஸ்ரீரங்கத்தில் பள்ளிகொண்டிருக்கும் அரங்கன் இங்கே படுத்திருக்கவில்லை. லிங்கம்போன்ற சுயம்பு வடிவில் இருக்கிறார். அன்று நமக்கிருந்த நிலையில், படுக்காத அரங்கனிடம் தனி மரியாதை உண்டாயிற்று. மற்றப் பெருமாள் கோயில்களில் தலையில் சடாரி வைப்பார்கள்; இங்கே ராமபாணத்தை வைத்து ஆசீர்வதிக்கிறார்கள். அது உச்சியில் பட்டபோது ஒரு கணம் தூக்கம் தெளிந்தது.

மாசி மகத் தேர் முடிந்து நாள் ஆகியிருந்தது. “ரங்கா பராக்! கோவிந்தா பராக்!” என்ற கோஷத்தோடு தாசர்கள் சங்கும் சேகண்டியும் முழக்க, பந்தம் ஏந்தி ஆடும் பந்த சேவையும், தோல் பையில் நீர் சுமந்து வரும் தண்ணீர் சேவையும் அப்போதுதான் நடக்கும். இப்போது தேர் நிலையில் நின்றது. வருஷந்தோறும் அந்த வடத்தைப் பிடித்து இழுத்தவர் மாமா. தேரையும் நாம் தவறவிட்டோம்; மாமாவையும் தவறவிட்டோம். நிலைக்கு வந்துவிட்ட தேரைப் பார்த்தபடி சற்று நேரம் நின்றோம்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் உண்மையான யுத்தம். உட்கார்ந்தால் தூக்கம், சாய்ந்தால் தூக்கம், நின்றாலும் தூக்கம். தப்பித்து ரயில் ஸ்டேஷனுக்குப் போனோம். போத்தனூரிலிருந்து மேட்டுப்பாளையம் வரை 1873-இல் போட்ட பாதை இது. பழைய நாளில் நம் நாட்டு ரயில்கள் சென்னை நேரப்படி ஓடின. 1906-இல் இந்தியா முழுவதற்கும் பொது நேரம் ஏற்பட்டபோது, சென்னைக் கடியாரத்தை ஒன்பது நிமிஷம் முன்னால் தள்ள வேண்டியிருந்தது. ஒன்பது நிமிஷம்! முந்நூற்று முப்பது நிமிஷத்தை ஒரே இரவில் விழுங்கிவிட்டு வந்தவனுக்கு அது வெறும் பொரிகடலை.

மாலையில் அக்காளும் நம்முடன் வந்தாள். ஒரு வருஷம் கோயிலுக்குள் போவதில்லை என்பது அந்த வீட்டு வழக்கம். தேர் வீதியில் நின்று கோபுரத்தைக் கும்பிட்டுவிட்டுத் தோட்டத்துப் பக்கம் திரும்பினாள். இந்த வட்டாரத்துக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது கறிவேப்பிலை. வெட்டிய கட்டுகளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பாதை முழுவதும் தாளித்த வாசனை. நீலகிரிக்கு மேல் வெளிச்சம் மெல்ல அணைந்தது. இரவு எட்டு மணிக்கு நாம் படுக்கையில் விழுந்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

விழிப்பு வந்தபோது மணி மூன்று. லண்டனில் இரவு ஒன்பதரை. பெண் வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் பேசிக்கொண்டிருக்கும் நேரம். நித்திரை முழுவதும் போய்விட்டது. புரண்டு பார்த்தோம், பயனில்லை. அடுப்படியில் விளக்கு எரிந்தது.

அக்காள் காப்பிக்கு வெந்நீர் வைத்திருந்தாள். பக்கத்தில் இரண்டு டம்ளர்.

“ஏந் தம்பி, தூக்கம் வரலியா?”

“இல்லை அக்கா. நீங்கள் ஏன் இந்நேரத்தில்?”

“மூணு மணிக்குக் கரண்டு வரும். அவுங்க மோட்டார் போடப் போவாங்க. காப்பி குடுத்து அனுப்போணுமல்ல? இப்ப மோட்டார் போட வேற ஆளு இருக்கறான். ஆனா முழிப்பு வந்தருது. கை தானா ரெண்டு டம்ளரை எடுத்து வெச்சருது.”

இரண்டாவது டம்ளரை நாம் எடுத்துக்கொண்டோம். திண்ணையில் உட்கார்ந்து குடித்தோம். மாமாவின் கடைசி நாட்களை அப்போதுதான் அவள் முதன்முதலாகச் சொன்னாள். பகலில் ஊரார் முன்னிலையில் சொல்ல வராத விஷயங்கள் அவை. விடியும் வேளையில், சென்னையிலிருந்து வரும் நீலகிரி எக்ஸ்பிரஸ் மேட்டுப்பாளையத்தை நோக்கி ஊதிக்கொண்டு போயிற்று.

“உனக்கு இது எத்தனை நாளைக்கு?” என்று கேட்டாள்.

“ஆறு நாள் என்கிறார்கள்.”

“அப்ப ஆறு நாளும் இரு” என்றாள்.

இருந்தோம். ஒவ்வோர் இரவும் மூன்று மணிக்கு விளக்கு எரிந்தது. இரண்டு டம்ளர் காப்பி செலவாயிற்று. ஏழாம் நாள் விழித்தபோது நன்றாக விடிந்திருந்தது. லண்டனிலிருந்து நம் தூக்கம் வந்து சேர்ந்துவிட்டது. எழுந்து அடுப்படிக்குப் போனோம். அக்காள் வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். அடுப்பு மேடையில் ஒரு டம்ளர் கழுவிக் கவிழ்த்திருந்தது. மற்றொன்று மூடி வைத்தபடி இருந்தது. அதிலிருந்த காப்பி ஆறிப்போயிருந்தது.